காரியாபட்டி வட்டாரத்தில் பள்ளியும் ஆஸ்பத்திரியும்: பொதுப் பணம் வந்த வழி

விருதுநகர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. ஒரு வட்டத்துக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடமான பேரூராட்சி. சுற்றுப்புறம் வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை. பொய்த்தால் கூலிக்கு வெளியூர், அல்லது சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது. வடக்கே மதுரை, தெற்கே விருதுநகரின் சந்தை, அதையும் தாண்டினால் சிவகாசி, சாத்தூரின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில். வரி கொடுக்க வசதி இல்லாத இப்படியொரு வட்டாரத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கிருந்து வந்தது, எந்த வரிசையில் வந்தது என்பது, தமிழ்நாடு முழுவதன் கதையையும் நெருக்கத்தில் காட்டுகிறது.

பழைய ஏற்பாட்டில் பள்ளிக்கு அரசுப் பணம் கிடையாது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் கேட்டு எடுத்த கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். திண்ணையில் மணல் பரப்பி எழுதச் சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியார்களுக்குச் சம்பளம் பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்த தானியமும் சில்லறையும்தான். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம்; ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு அந்தத் திண்ணையில் இடமே இல்லை. மன்றோ கலெக்டர் ஆட்சிப் பகுதிகளுக்கும் தாசில்களுக்கும் அரசுச் செலவில் பள்ளிகள் வேண்டும் என்று 1826-இல் எழுதினார். மறு ஆண்டு காலராவில் இறந்துபோனார். திட்டமும் பின்னர் தேய்ந்து போனது.

அரசு விலகி நின்ற இடத்தில் இரண்டு கைகள் வந்தன. ஒன்று மிஷன். 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், திருமங்கலம், அருப்புக்கோட்டை, மண்டபசாலை என்று இந்த வறண்ட பகுதிக்குள் நிலையங்கள் வைத்துப் பள்ளி நடத்தியது. இன்னொன்று வணிகர்களின் மகமை. சிவகாசி, விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்து வியாபாரம் செய்தார்கள். பேட்டைக்கு வந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று பொதுக் கணக்கில் வைப்பதே மகமை. கோவிலுக்கும் கிணற்றுக்கும் செலவான அந்தப் பணம், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பள்ளிக்குத் திரும்பியது. விருதுப்பட்டியில் க்ஷத்ரிய வித்யாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில் போட்டு வைப்பதும், அதைத் திரட்டிப் பள்ளி நடத்துவதும் வழக்கமாயிற்று. பிடி அரிசிப் பள்ளி என்று பேர் வாங்கிய அந்தக் கூடத்தில் சம்பளம் கட்டாமல் படித்தவர்களில் ஒருவர் 1903-இல் பிறந்த காமராஜ். தகப்பனார் இறந்த பின் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார்.

மகமை ஒரு வகை வரிதான். வசூலிக்க அமீனா வேண்டியதில்லை. தட்டிக் கேட்க ஊர்க் கூட்டம் போதும். ஆனால் மூட்டை ஏறி இறங்கும் சந்தை உள்ள ஊரில்தான் அது விளையும். பேட்டை இல்லாத காரியாபட்டிச் சுற்றுக் கிராமங்களுக்கு அந்தப் பணத்தின் ஈரம் எட்டவில்லை.

அங்கே எட்ட வேண்டியது ஜில்லா போர்டு. 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி போர்டுகள் சாலை, சத்திரம், ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாவற்றையும் நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ்ஸை வைத்து நடத்தின. அன்று இந்த வட்டாரம் சேர்ந்திருந்த இராமநாதபுரம் ஜில்லா 1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. பெரும்பகுதி ஜமீன் நிலம், விளைச்சல் குறைவு, செஸ்ஸும் குறைவு. ஆகவே பணக்கார ஜில்லாவுக்கு நல்ல பள்ளி, ஏழை ஜில்லாவுக்கு ஏழைப் பள்ளி என்பது அந்த முறையிலேயே அடங்கியிருந்தது. ஆனாலும் இன்றும் வயதானவர்கள் அரசுப் பள்ளியைப் ‘போர்டு ஸ்கூல்’ என்பது அந்தக் காலத்தின் மிச்சம். இந்தப் போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸை ரத்து செய்வதாக ஆணையிட்டார். பள்ளியைக் கட்டுவதைவிட, அங்கே போய்ச் சேரும் வழியைத் திறப்பது சில காலங்களில் பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி பக்கம் வளர்ச்சி இன்னும் மெதுவானது. சென்னை மாகாணம் 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல் சட்டம். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் துறை வேறு, நோய் வராமல் தடுக்கும் துறை வேறு என்று தனித் தனி இயக்குநரகமும் பணியாளர் வரிசையும் இங்கே நின்று நிலைத்தன. பல மாநிலங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து, தடுப்புப் பணி தேய்ந்துபோனதைப் பார்க்கும்போது இந்தப் பிரிவினையின் அருமை தெரியும். கத்தி வைக்க வேண்டிய நோய் என்றால் காரியாபட்டிக்காரர்களுக்கு மதுரைதான். 1940-இல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாகத் திறந்த, இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு இன்றும் ஊர்ப் பெயர் பெரியாஸ்பத்திரி. அதையொட்டி மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் வந்தது.

அதே 1954-இல்தான் பள்ளிக் கதையும் திரும்பியது. முந்தைய ஆண்டு முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்திருந்தார். குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பியதால் அதன் இன்னொரு முகம் மறந்துபோயிற்று: அது சிக்கனத் திட்டமும்கூட. வாத்தியார் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒரே கூடத்தில் இரண்டு ஷிப்டாகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. சிவகாசியைச் சுற்றிய ஊர்களில் அந்த அரைநாள் ஓய்வு எங்கே போயிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஏப்ரல் 1954-இல் பதவிக்கு வந்த காமராஜ் அரசு மே மாதமே அதைக் கைவிட்டது.

கைவிட்டதோடு செலவுப் பொறுப்பும் அரசின் தலையில் விழுந்தது. நிதியும் கல்வியும் ஒரே அமைச்சரிடம், சி. சுப்பிரமணியத்திடம், இருந்தது இந்த இடத்தில் உதவியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்ற அளவுகோல் வைத்து வரைபடத்தில் ஊர் ஊராகக் குறித்தார்கள். கட்டடம் இல்லாத ஊரில் கோவில் மண்டபமும் சாவடியும் மரத்தடியும் பள்ளியாயின; ஓராசிரியர் பள்ளிகள் பெருகின. 1955-இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேமநிதி, ஓய்வூதியம், காப்பீடு என்று முப்பயன் திட்டம் வந்தது. கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய வாத்தியார் வேலைக்கு மதிப்பு வந்தது இதற்குப் பிறகுதான்.

மதிய உணவு 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. யோசனை புதிதல்ல; சென்னை மாநகராட்சி 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் சாப்பாடு போட்டிருக்கிறது. புதிது, அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோன விதம். ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு வைத்தார்கள்: ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். ஊர்ப் பங்கு பணமாகவும் வரலாம், தானியமாகவும் விறகாகவும் வரலாம். விருதுநகர்ப் பிடி அரிசியின் சாயல் இதில் தெரிகிறது. 1958-இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அதே தடம்: ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் சட்டையும் சீர்வரிசை போல ஊர்வலமாகக் கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தார்கள்.

இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் எந்த ஊரில் பிள்ளைகள் அதிகம் பசித்திருக்குமோ, அந்த ஊரில்தான் நாலு காசும் பெயராது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் வழியாகப் பால் பவுடரும் எண்ணெயும் சோளமாவும் வந்து பள்ளத்தை ஓரளவு அடைத்தன. எப்படியோ, 1950-களின் நடுவில் ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானோர் படித்த மாநிலத்தில், அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் முக்கால் பங்கினர் பள்ளியில் பேர் பதிந்திருந்தார்கள். ஏழைகளுக்கு 1960-இல் வந்த இலவச உயர்நிலைக் கல்வி, பக்தவத்சலம் ஆட்சியில் எல்லோருக்கும் விரிந்தது.  

1960-ஐ ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது ஜில்லா போர்டு மறைந்தது. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்கு வந்தன. காரியாபட்டி ஒன்றியத்தின் பள்ளிப் பெயர்ப் பலகைகளில் இன்றும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இருப்பது அதனால். ஆசிரியர் மட்டும் 1981-இல் அரசு ஊழியராகிவிட்டார். சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் வந்தது. ஆனால் வாத்தியாரைக் கேள்வி கேட்கும் ஊரின் பிடி தளர்ந்தது.

பேர் பதிந்த பிள்ளைகள் எல்லோரும் படித்து முடிக்கவில்லை. இந்த மாவட்டத்தில் பள்ளிக்குப் போட்டியாக நின்றது ‘ஆபீஸ்’. தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் பட்டாசுத் தொழிற்சாலைக்கும் இங்கே அதுதான் பெயர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தொடங்கியது தீப்பெட்டி. பின்னர் பட்டாசும் அச்சும் சேர்ந்தன. விவசாயம் கைவிட்ட மண்ணுக்கு அது சோறு போட்டது உண்மை. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு மத்திய அரசின் கலால் வரியில் சலுகை இருந்ததால் சிறு சிறு ஆபீஸ்கள் பெருகின. மரச் சட்டத்தில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் தோதாக இருந்தன. கூலி உருப்படிக் கணக்கு. ஏஜெண்டுகள் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்தார்கள். விடியுமுன் கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இருட்டிய பின் இறக்கிவிட்டது. ஏறியவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். அண்ணன் பள்ளிக்கூடம், தங்கை ஆபீஸ் என்பது பல வீடுகளின் ஏற்பாடு.

1976-இல் ஹர்பன்ஸ் சிங் குழு இதை ஆராய்ந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், அதன் பின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தன. திட்டம் முதலில் இறங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. சிறப்புப் பள்ளி, மதிய உணவு, மாதம் நூறு ரூபாய் உதவித்தொகை என்று பிள்ளையின் கூலிக்கு ஈடுகட்ட முயன்றார்கள். நூறு ரூபாய் ஈடாகவில்லை. அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991-இல் எழுதிய நூலில் சிவகாசியைக் காட்டி ஒரு வாதம் வைத்தார்: வறுமை ஒழிந்த பிறகு பிள்ளைகள் படிப்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது, கட்டாயக் கல்விச் சட்டம்தான் பிள்ளையை வேலையிலிருந்து எடுக்கும் என்று. தமிழ்நாடு 1994-இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றியது. சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பெரியவர் ஒருவருக்கு வேலை தர முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும், அதன் வட்டி பிள்ளையின் படிப்புக்கு. இயந்திரம் வந்தது, குடும்பம் சிறுத்தது, சாப்பாட்டோடு பள்ளி பக்கத்தில் இருந்தது, சோதனை பயம் இருந்தது. பிள்ளைகள் ஆபீஸிலிருந்து விலகியதற்கு இதில் எது முதல் காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம்; எல்லாம் ஒரே இருபது ஆண்டுகளில் சேர்ந்து நடந்தன.

நடுவே 1982 இருக்கிறது. 1977-இல் அருப்புக்கோட்டையில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., 1982 ஜூலை 1-இல் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர்ப் பங்கு இல்லை, வெளிநாட்டு மாவு இல்லை. முழுச் செலவும் மாநிலத்துடையது. இரண்டு வயதிலிருந்து பால்வாடிப் பிள்ளைகளுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சூடான சோறும் சாம்பாரும், வருஷம் முழுவதும். 1984-இல் பதினைந்து வயது வரை விரிந்தது. ஆண்டுக்கு நூறு கோடி ரூபாயைத் தாண்டிய செலவைப் பார்த்து மத்தியத் திட்ட அதிகாரிகளும் பொருளாதார அறிஞர்களும் முகம் சுளித்தார்கள். சோற்றில் போடும் பணம் முதலீடு ஆகாது என்பது அவர்கள் கருத்து. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் சமைத்த உணவு போடச் சொன்னபோது தமிழ்நாடு அதை இருபது ஆண்டாகச் செய்துகொண்டிருந்தது.

மையம் ஒன்றுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை. கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த அமைப்பாளர் வேண்டும். 1956-இல் காரியாபட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு பெண்ணைத் தேடியிருந்தால் கிடைத்திருக்க மாட்டார். 1982-இல் கிடைத்தார்; காமராஜ் காலத்து ஓராசிரியர் பள்ளியில் தொடங்கிப் பத்தாவது வரை போனவர்.

மருத்துவத்துக்கும் இது பொருந்தும். சமுதாய வளர்ச்சித் திட்டக் காலத்தில் ஒன்றியத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதே இலக்கு; லட்சம் பேருக்கு ஒரு டாக்டர். 1980-களில் இலக்கு முப்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம், ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்று மாறியது. துணை நிலையத்தில் இருப்பவர் டாக்டர் அல்ல, கிராம சுகாதார செவிலியர்; ஊரில் நர்ஸம்மா. பள்ளி முடித்து ஒன்றரை வருஷம் பயிற்சி பெற்ற, அதே வட்டாரத்துப் பெண். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அவர் சைக்கிளிலும் கால்நடையிலும் சுமந்தது. 1980-இல் உலக வங்கிக் கடனோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கி இராமநாதபுரம் உட்பட ஆறு மாவட்டங்களுக்குப் போன ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதம்தோறும் தராசில் நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் மாவு உருண்டை கொடுத்தார்கள். அந்த எடை அட்டையை எழுதியவரும் உள்ளூர்ப் பெண்தான். பள்ளிக்குப் போட்ட பணம் முதலில், செவிலியருக்குப் போட்ட பணம் பின்னால் என்ற வரிசை தலைகீழாக இருந்திருந்தால் ஆள் கிடைத்திருக்காது. இலங்கையிலும் கேரளத்திலும் கணக்கு இதே மாதிரிதான் விழுந்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி இலங்கையில் 1945-இலேயே வந்துவிட்டது.

மருந்து கிடைப்பது 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் சீரானது. மாவட்டக் கிடங்கில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குத் தனக்கு வேண்டிய மாத்திரையை நிலையமே எடுத்துக்கொள்ளலாம். மேலிடம் அனுப்பியதை வாங்கி அடுக்கிய காலம் முடிந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும் 2011-இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. மூன்று செவிலியர்களோடு இரவும் பகலும் திறந்திருக்கும் சுகாதார நிலையங்கள் வந்தபின் மருத்துவச்சி கையில் வீட்டுப் பிரசவம் என்பது ஏறக்குறைய மறைந்தது. கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து அரசுச் செலவில் வளையல் போட்டு ஐந்து வகைச் சோறு போடும் சமுதாய வளைகாப்பு, நிர்வாகம் சடங்கைக் கடன் வாங்கிய அழகான இடம். 2020-இல் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13.

சீராகாத பக்கமும் உண்டு. பட்டாசு விபத்தில் வெந்தவர்களைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடுவது பல பத்தாண்டு வழக்கம். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் ஊரில் தீக்காயத்துக்குப் போதிய சிகிச்சை இல்லையே என்ற கேள்வி ஓங்கி எழுந்தது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தது. தாய் சேய் நலத்தில் முன்னால் போன மாநிலம், தொழிலாளியின் உடம்பு விஷயத்தில் பின்தங்கியே நடந்தது.

படிப்பிலும் ஒரு முரண் இருக்கிறது. இராமநாதபுரத்திலிருந்து 1985-இல் பிரிந்த விருதுநகர் மாவட்டம் பொதுத் தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. அதே மாவட்டத்தை 2018-இல் மத்திய அரசு வளர்ச்சியில் பின்தங்கிய, முன்னேற வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் இராமநாதபுரத்தோடு சேர்த்தது. 2011 கணக்கில் எழுத்தறிவு 80 சதவீதம், மாநிலச் சராசரியை ஒட்டி. படித்து முடித்தவர்களுக்கு ஊரில் வேலை இல்லை என்பதைத் தேர்ச்சி விகிதம் காட்டாது.

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிந்ததும் கூலிக்குப் போகும் தாய்மார் உள்ள வீடுகளில் பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவது அதன் காரணம். கிராமங்களில் உப்புமாவும் பொங்கலும் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். தம் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அவர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் ஒன்று. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளை என்றாகி, வசதியுள்ளவர்கள் வேனில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிட, ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் அந்த உப்புமாவுக்கு உட்காரும் வரிசை இப்போது குட்டையாகத்தான் இருக்கிறது.